குறிப்பு: ஏதுமில்லை

நீடாமங்கலத்துக்கு மேற்கே ஒரு மதகில்
காலை ஆறு மணிக்கு அளவுகோல் பார்ப்பவன் நான்.
தேதி, மேலே எத்தனை அடி, கீழே எத்தனை அடி,
ஷட்டர் எத்தனை அங்குலம்.
கடைசிக் கட்டம், குறிப்பு.
பதினோரு வருஷமாக அதில் 'ஏதுமில்லை'.

இரண்டாம் வகுப்பில் என் மகன் எழிலன்
தன் பேரை எலிலன் என்று எழுதினான்.
எலி எலி என்று பெஞ்சே கத்தியது.
அவன் அம்மா நூறு தடவை எழுதச் சொன்னாள்.
எழுதினான்.
நூறு எலி.

ஐப்பசி விடுமுறையில் மதகுக்குக் கூட்டிப்போனேன்.
பார்த்ததை எழுது, ரெண்டு வரி போதும் என்றேன்.
எனக்குச் சொல்லித்தந்த அதே சட்டம்:
தண்ணி எங்கே தொடுகிறதோ அதுதான் அளவு,
கூட்டாதே, குறைக்காதே.
வேறு தாள் இல்லை.
குறிப்புக் கட்டத்தைக் காட்டிப் பென்சிலைக் கொடுத்தேன்.

*கொக்கு ஒத்தக் காலில் நிக்குது
இன்னொன்ன எங்க வச்சிச்சு*

மறுநாள்,

*வெங்காயத்தாமரை ஊர்வலம் போவுது
சாமி இல்லாம*

அதற்கும் மறுநாள்,

*மலை பேஞ்சுது
எருமை மட்டும் ஓடல*

மலையா?
எங்கள் பக்கம் மேடு என்றால் களம்,
உச்சி என்றால் கோபுரம், அவ்வளவுதான்.
ரப்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
ஒரு மலை வந்து விழுந்தால்
இத்தனை சம்பாவும் என்ன ஆகும் என்று
பொழுதுக்கும் யோசனை.

சாயங்காலம் மெல்லச் சொன்னேன்,
மழைக்கு வேற எழுத்துடா, உன் பேர்ல வர்றது.
மணலில் ழ போட்டேன்.
அதன் வாலை விரலால் இழுத்துப் பார்த்தான்.
"இது வடிகாலாப்பா?"
ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.
"அப்ப மலைக்கு வேண்டாம். மழைக்கு வேணும்."
என் காலத்தில் நாக்கை மடி என்று
பிரம்பைத்தான் காட்டினார்கள்.

அடுத்த நாளே மறந்துபோனான்.

*மூணாவது ஷட்டர் அலுவுது
தொடச்சிவிட ஆள் இல்ல*

அன்றைக்கென்று ஜீப் வந்தது.
உதவிப் பொறியாளர் ஷகிலா பானு
பதிவேட்டைப் பின்னுக்குத் திருப்பித் திருப்பி
உதடு அசைய வாசித்தார்.
மெமோதான் என்று நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.
அவர் செருப்பைக் கழற்றிப் பாசிப்படியில் இறங்கினார்.

மூடிய ஷட்டர். கிழிந்த ரப்பர் சீல்.
ஓரமாக ஒரு விரல் தடிமனுக்கு ஒழுகல்.
அதன் மேல்தான் தினம் நடந்தேன்.
அதற்கு நேரே 'ஏதுமில்லை' என்று எழுதியது
என் கைதான்.

அம்மா மேலே வந்து பச்சை மையில்
ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டார்.
'சரிபார்க்கப்பட்டது'.
கொக்கின் கால் சரிபார்க்கப்பட்டது.
மலை பெய்தது,
அதுவும்.

தை முடிந்து ஆறு அடைத்ததும் சீல் மாற்றினார்கள்.
அந்த வாரம்தான் 'அழுகிறது' பிழையில்லாமல் வந்தது,
வால் கீழ்வரிசைத் தேதியைத் தொடுமளவு நீளமாக.
ஷட்டர் காய்ந்து கிடந்தது.
"எனக்கு எழுத வந்தப்புறம் நிறுத்திடுச்சு"
என்று அதை ஓர் உதை விட்டான்.

இப்போது மூன்றாம் வகுப்பு.
பேரை ஒழுங்காக எழுதுகிறான், எலி போயிற்று.
இன்று காலை மேட்டூர்த் தண்ணி
நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு
வளைவில் தலை காட்டியபோது
பதிவேட்டைப் பிடுங்கி எழுதினான்:

*ஆரு வருது*

ஆருடா வருது, என்று கேட்டேன்.
கையை நீட்டிக் காட்டினான்.

ரப்பர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.