ஆறரை அடிக்கு ஆறரை அடி

சார்ஜாவிலிருந்து பெட்டியைச் சுமந்து வந்த
ஹமீது சுல்தான் கூலி கேட்கவில்லை.
பெட்டி கேட்டது.

கீழக்கரையின் இந்தக் கடைசிச் சந்துவரை
வயர் இழுக்க இரண்டாயிரத்து நானூறு.
என் ஃபோன் பழசாம், ஆப் ஏறாது;
புதுசு, தவணையில்.
மூக்குக்கண்ணாடியோடு மாட்ட முடியாது,
அதற்குத் தனி லென்ஸ், மதுரையில் சொல்லிவைத்து.
அதற்குள் உப்புக்காற்றில்
சார்ஜர் முனை பச்சை பூத்துவிட்டது.
அப்டேட் தொண்ணூற்றேழில் நிற்கையில்
கரண்ட் போனது.

ஆறரை அடிக்கு ஆறரை அடி
காலி இடம் வேண்டும் என்றது.
பீரோவை நகர்த்தினேன்.
தொட்டிலை அவிழ்த்தேன்.
அரிசி டிரம் அடுப்படிக்குப் போனது.
வெறுந்தரையில் நீலக்கோடு போட்டேன்,
தாண்டினால் சிவக்கும்.

இருபத்தொரு நாள் கழித்து
ஒரு வெள்ளி, ஜும்ஆ முடிந்து
அவர் வந்தார் அந்தப் பொய்வீட்டுக்கு,
இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல்
விட்டத்தை ஒட்டி மிதந்துகொண்டு.

இறங்கி வாங்களேன் என்றேன்.

"மேல்கட்டில்ல இருக்கேன் சபுரா.
ரூமுல எட்டுப் பேரு.
கீழ கால் வைக்க எடமேது?"

பேட்டரி பதினொன்று என்று காட்டியது.
அண்ணாந்து நின்றேன்,
என்னைச் சுற்றி
அவ்வளவு தரை.