குறுக்கே

வேலிக் கல்காலில் ஒரு கோடு இருக்கிறது.
கோட்டுக்கு மேலே வெயில் தின்ற கறுப்பு.
கீழே ஒரு சாண் வெளுத்த கல்.
நட்ட வருடம் அந்தக் கோடுதான் தரை.
கல்லை யாரும் பிடுங்கி உயர்த்தவில்லை,
காடுதான் இறங்கிப் போயிருக்கிறது.

ஐப்பசி ஏழாம் தேதி ராத்திரி
ஊதியூர் மலைப்பக்கம் இடித்து
ஒன்றரை மணி நேரம் ஊற்றியது.
விடிந்து போய்ப் பார்த்தால்
விதைத்த கொள்ளு,
காசு கொடுத்துப் போட்ட ஆட்டுக்கிடையின் எரு,
எல்லாம் ஒரே வாரியாய்ப் பொழியை உடைத்துக்கொண்டு
ராக்கியண்ணன் தோட்டத்தில் படுத்திருந்தது,
சிவந்து, மெத்தென்று,
விருந்து உண்டவன் தூங்குகிற மாதிரி.
என் காட்டில் சுக்கான்கல் பல்லைக் காட்டியது.

நேரே போய்க் கேட்டேன்.
"அண்ணா, எம் மண்ணுங்க அது."
அவர் குனிந்தவாக்கில் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.
"அள்ளிக்க அம்மிணி.
எட்டுப் பாத்தி சின்ன வெங்காயம்
அதுக்கடியில மூச்சடைச்சுக் கெடக்குது.
அதுக்கும் ஒரு கணக்குப் போட்டுரலாம்."

பால் சொசைட்டி நோட்டின் பின்னட்டையில் போட்டோம்.
இருபது நடை மண்.
அதில் பாதி அவர் தோட்டத்திலும் நிற்காமல்
பள்ளத்துக்குப் போய்விட்டது.
பள்ளம் எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடாது.
மிச்சத்தில் நாலு நடை திரும்பி வந்தது.
என் மண்தானா என்றார் லோகு, டிப்பரைச் சாய்த்தபடி.
ஆட்டுப் புழுக்கை கிடந்தது.
ஆமாம் என்றேன்.
டிப்பர் வாடகையில் கொள்ளு விதை
மூன்று முறை வாங்கியிருக்கலாம்.

அப்போதுதான் சாலைக் கவனித்தேன்.
மேலிருந்து கீழே,
சீப்பு வைத்து வாரிய தலை மாதிரி
அத்தனை சாலும் சரிவோடு இறங்கியிருந்தது.
ஓட்டியவர் லோகு.
"வெரசா முடிங்க" என்று பின்னால் நின்று சொன்னவள் நான்.
நீளவாக்கில் ஓட்டினால் திருப்பம் குறைவு,
நாற்பது நிமிஷம் மிச்சம்.
தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுத்ததே நான்தான்,
மணிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் எண்ணிக் கொடுத்து.

ராக்கியண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.
அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார்.

கொத்தனாரிடம் மட்டக்குழாய் இரவல் வாங்கினேன்.
ஒரு முனைக்கு ஆள் வேண்டும்.
வெங்காயக் கணக்கு பாக்கி நிற்கும்போதே
அவரே வந்து பிடித்தார்.
அவர் கையிலும் என் கையிலும்
தண்ணீர் ஒரே உயரத்தில் நின்ற இடத்தில்
ஒரு கல் வைத்தோம்.
பிறகு இன்னொன்று.
கோடு நேராக வரவில்லை.
சாரைப்பாம்பு போன தடம் மாதிரி
வேப்பமரத்துக்கு மேலே ஏறி
பாறைக்குக் கீழே வளைந்து போனது.
"இப்படி ஒரு கோணல உழுகறதா?" என்றார் லோகு.
"குறுக்கே ஓட்டுங்க."
"திருப்பத்துக்கே டீசல் போயிருமுங்க்கா."
"போகட்டும். டீசல் திரும்ப வாங்கிக்கலாம்."

கல் வைத்த தடத்தில் கரை போட்டு
கிளுவைக் குச்சி ஊன்றினோம்.
இடைவெளியில் கொழுக்கட்டைப் புல் விதை தூவினேன்.
அதில் பாதியை எறும்பு இழுத்துப் போனது.
போனது போக முளைத்தது.
கொள்ளு மறுபடி விதைத்தேன், காலம் தப்பித்தான்.

கார்த்திகையில் ஒரு மழை.
பழையது போல இல்லை, பாதிதான் இருக்கும்.
குடை எடுக்காமல் ஓடினேன்.
சாலுக்குச் சால் தண்ணீர் நின்றிருந்தது,
போக வழி தெரியாத விருந்தாளி போல,
நின்று நின்று உள்ளே இறங்கியது.
வடக்கு மூலையில் கரை ஒரு முழம் விட்டுப் போயிருந்தது.
அங்கே மண்வெட்டியோடு நிற்கும்போது போன் அடித்தது.
ராக்கியண்ணன்.
"அம்மிணி, இந்த வாட்டி
வெறுந் தண்ணிதான் வந்துச்சு."
வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வெயில் வந்ததும் கல்காலுக்குப் போனேன்.
பழைய கோட்டைத் தொடவில்லை.
இன்று மண் நிற்கிற மட்டத்தில்
ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன்.
அடுத்த ஐப்பசி முடிந்து
வந்து குனிந்து பார்க்கணும்.