முன்னொட்டு

நவம்பரில் எங்கள் ஊர்த் தெருமுனைகளில்
கயிறு கட்டிவைப்பார்கள், காற்றடித்தால் பிடித்துக்கொள்ள.
அன்று அதைப் பிடித்துக்கொண்டுதான்
நூலகத்துக்கு வந்து சேர்ந்தேன்.
தொப்பி வந்து சேரவில்லை.
புந்தா அரேனாஸில் இதெல்லாம் சேதியே அல்ல.

பாடத் தளத்தின் பதிவேட்டை
வாரம் ஒருமுறை புரட்டுவது என் வேலைகளில் ஒன்று:
யார் எந்தக் கதவைத் தட்டினார்கள், எத்தனை மணிக்கு.
பெயர் இருக்காது. எண்தான்.

ஓர் எண்,
செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு,
நேற்றிரவு இரண்டு நாற்பத்தொன்றுக்கு
பதின்மூன்றாம் வாரக் கட்டுரையை அழுத்தியிருக்கிறது.
இரண்டு நாற்பத்து மூன்றுக்கு மறுபடி.
இரண்டு நாற்பத்து நான்கு.
மூன்று மணிக்குள் பதினோரு தடவை.
கட்டுரையின் தலைப்பு:
குளிர்நீரில் கைவைத்து உழைப்போரின் தோல்வெடிப்புகள்.

நானும் அழுத்தினேன்.
சட்டென்று திறந்தது.
பேராசிரியர் வுகாசோவிச்சைத் தொலைபேசியில் பிடித்தேன்.
“எனக்கும் திறக்கிறதே, நெல்டா” என்றார்,
பின்னணியில் அவர் கெட்டில் கூவியது.

அப்புறம்தான் உறைத்தது.
கைப்பேசியில் வளாகத்து வைஃபையை அணைத்துவிட்டு
மறுபடி அழுத்தினேன்.
வெள்ளைத் திரை. நடுவில் ஒரு பெட்டி.
முப்பத்தொன்பது டாலர்,
இருபத்துநான்கு மணி நேர வாசிப்புக்கு.

மார்ச்சிலேயே சந்தா கட்டிவிட்டோம் அதற்கு.
ரசீது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
மூன்று பிரதி, ரெக்டரின் கையெழுத்தோடு.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
இது கைக்கே எட்டவில்லை.
கட்டடத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் திறக்கும் கதவை
கட்டடத்துக்குள் உட்கார்ந்தே சோதித்து
‘சரி’ என்று எழுதிவைத்தது யார்?
பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
என் கையெழுத்து.

அந்த எண் வந்த வழி
நீரிணைக்கு அக்கரை, பொர்வெனிர்.
மூன்று நாளாகக் காற்றில் படகு போகவில்லை அங்கே.
நண்டு ஆலையில் இரவு முறை இரண்டு மணிக்கு முடியும்.
இதற்குமேல் நினைக்க எனக்கு உரிமையில்லை.
நினைத்தேன்:
பதினோரு தடவை அழுத்திய விரல்
எப்படி இருந்திருக்கும்.

வேண்டியது என்னவோ கொஞ்சம்தான்.
சுட்டிக்கு முன்னால் ஒரு முன்னொட்டு,
‘இவர் எங்கள் ஆள், உள்ளே விடு’ என்று
வாசற்காரனிடம் சொல்லும் முப்பத்தெட்டு எழுத்து.
அது இல்லாத சுட்டிகள்
எட்டுத் துறைகளில் இருநூற்றுப் பதினான்கு.

தொழில்நுட்பப் பிரிவின் ரெனே ஒயார்சோ
தரவுத்தளத்தையே பாடப் பக்கத்துக்குள்
கொண்டுவந்துவிடலாம் என்றான்.
ஆசிரியர் அங்கேயே தேடி அங்கேயே வைப்பார்,
முன்னொட்டு தானாக ஒட்டிக்கொள்ளும்.
“அரை நாள் வேலை. முன்னமே கேட்டிருக்கலாமே?”
ஏப்ரலில் கேட்ட மின்னஞ்சலை அவனுக்கே திருப்பி அனுப்பினேன்.
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
அப்புறம் சிரித்தேன்.

ஆனால் பதின்மூன்றாம் வாரத்தை
அவனுடைய அரை நாளுக்காகக் காக்கவைக்க மனம் வரவில்லை.
அன்று மாலையே கையால் ஒட்டினேன்.
வெளியே போய், பேருந்து நிறுத்தத்தில் நின்று,
ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
மறு கையின் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
திறந்தது.
முதல் பக்கத்தில் ஒரு கை, கறுப்பு வெள்ளைப் படம்,
விரல்கணுக்களில் கோடு கோடாக.

பதிவேட்டை முப்பது நாளில் அழித்துவிட வேண்டும், விதி.
அழித்தேன், அந்த எண்ணையும் சேர்த்து.
அதற்குமுன் ஒருமுறை பார்த்தேன்:
மறுநாள் இரவு, இரண்டு முப்பத்தெட்டு.
ஒரே தடவை.
அதற்குப் பிறகு விடியும்வரை
ஒன்றுமில்லை.