வாசல் இரண்டு, எடைமேடை

வியாழன் மாலை ஐந்தரைக்கு
கடைசி ஆளும் வண்டி எடுத்துப் போனபின்
சோஹார் கிளையின் நாற்பத்தேழு கணினிகளும்
என் பொறுப்பு,
ஞாயிறு காலை ஏழு மணிவரை.

திட்டம் ஏழு வாரமாகத் தயார்.
எக்செல் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி:
மேசை எண், ஆள் பெயர், நினைவகம்,
பழைய பதிப்பு காலாவதியாகும் தேதி.
ரோவேனாவின் திரையில் மகன் படம் இருக்கும், அழியக்கூடாது.
கணக்குப்பிரிவு பிரிண்டர் மட்டும்
எதைக் கேட்டாலும் அரபியில்தான் கோபப்படும்.
தாளில் சேர்க்காத ஒரே காலாவதித் தேதி
என் ரெசிடென்ட் கார்டுடையது. மார்ச்.

"இது முடிஞ்சா எல்லாத்தையும்
மஸ்கட்லேருந்தே பாத்துக்கலாம்"
என்றார் ஹிலால் அல் மஃமரி.
நல்ல மனிதர். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்.
எல்லாத்தையும் என்பதில்
நானும் உண்டா என்று கேட்கவில்லை.
கொட்டையை எங்கே போடுவதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தேன்.

வெள்ளி முழுக்கச் சதவீதங்கள்.
பதினேழு. முப்பது. முப்பது. முப்பது.
"சற்று நேரம் ஆகலாம், அணைத்துவிடாதீர்கள்."
ஒரு திரை இப்படிக் கெஞ்சும்போது
யாருக்கும் மனது வராது.
மேசை மேசையாகப் போய்
ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தினேன்.
எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று
ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

சனி இரவுக்குள் நாற்பத்தாறு.

மிச்சம் ஒன்று, வாசல் இரண்டில்,
எடைமேடைத் தகரக்கொட்டகைக்குள்.
பதினான்கு வயது. விசிறிக்குள் ஜல்லித்தூசி.
எடை சொல்லும் மென்பொருளை எழுதிய கம்பெனி இப்போது இல்லை;
அந்தத் தொலைபேசி எண்ணில்
பிரியாணிக் கடைக்காரர் பேசுகிறார்.

புதிய பதிப்பை ஏற்றினேன்.
குல் ஜமானின் லாரி நாற்பது டன் ஜல்லியோடு
மேடையில் நின்றது. கணினியில் பூஜ்யம்.
அவன் இறங்கி வந்து எட்டிப் பார்த்து
"அப்ப நான் இன்னும் வரவே இல்லை" என்று சிரித்தான்.
ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கப் போனான்.

மூன்று மணி. கேபிளை மாற்றினேன்.
போர்ட் எண்ணை ஒன்றிலிருந்து நான்காக்கினேன்.
பழைய டிரைவருக்குக் கையொப்பம் இல்லையாம்,
உள்ளே விடமாட்டேன் என்றது.
(குல் ஜமானைச் சொல்லவில்லை.)
காவலை அரைமணி நேரம் தளர்த்தி
பின்வழியாக அனுப்பினேன்.

நாலேகாலுக்கு, பாங்கு ஒலித்துக்கொண்டிருக்கையில்,
வந்தது:
58,340.

வெளியே சிவப்பெழுத்துப் பலகையிலும் அதே எண்.
இரண்டு தரம் பார்த்தேன். மூன்றாம் தரம்
கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன்.

பிறகு பேக்கப்பை எடுத்து
பழையதையே திரும்ப ஏற்றினேன்.
இருபத்திரண்டு நிமிடம்.
வலைக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன்.
நாற்பத்தேழாவது வரியில் தட்டினேன்:
பொருந்தவில்லை. நேரில் ஒருவர் கவனிக்க வேண்டும்.

ஒருவர்.
அந்தச் சொல்லை மட்டும் திரும்ப வாசித்தேன்.

லாரி இறங்கிப் போனபின்
காலி மேடையில் ஏறி நின்றேன்.
பலகையில் 80.
நான் எழுபத்தொன்று.
தோள்பையைக் கழற்றி மேடைக்கு வெளியே வைத்தேன்.
80.
மறுபடி மாட்டினேன். 80.
இருபது இருபதாகத்தான் அதற்குக் கணக்கு;
நடுவில் கிடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

ஆறு ஐம்பதுக்கு ரோவேனா கூப்பிட்டாள்.
எல்லாம் இருக்கிறதாம், மகன் இருக்கிறானாம்.
ஸ்டார்ட் பட்டன்தான் நடுவுக்குப் போயிருக்கிறது,
பழைய மூலைக்கே கொண்டுவர முடியுமா?

இங்கிருந்தே செய்யலாம், ஒரு நிமிட வேலை.

நேரில் வருகிறேன் என்றேன்.