மேற்படி

கருப்பூர் பக்கம் பூட்டிக் கிடந்த கம்பெனி ஆபீசில்
எலி தின்றது போக மிச்சம் பதினோரு பேரேடுகள்.
சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றினேன்.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்,
தொழில் புத்தி.

ஒன்பதாவது ஏடு அபராதக் கணக்கு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு, மே மாதம்.
தாமதம், அரையணா.
கூடை உடைத்தது, ஓரணா.
சூளை ஓரம் பிள்ளைக்குப் பால் கொடுத்தது, அரையணா.
வெள்ளைக்கல் தூள் இன்னும் மடிப்புகளில் இருக்கிறது.
நாலு பக்கம் புரட்டினால்
கோலமாவு தொட்ட விரல்.

பதினெட்டாம் தேதி, செவ்வாய்.
குஞ்சாயி, கல் உடைப்பு, ஓரணா.
காரணம்: வேலை நேரத்தில் சிரித்தது.
அடுத்த வரி வெள்ளச்சி, மேற்படி.
கந்தாயி, மேற்படி. பாவாயி, மேற்படி.
இன்னொரு குஞ்சாயி, மேற்படி.
மாரக்கா, அத்தாயி, குப்பாயி,
மேற்படி மேற்படி மேற்படி.

கூலி நாலணா, வேலை பத்து மணி நேரம்.
ஒரு சிரிப்புக்கு இரண்டரை மணி நேரச் சம்மட்டி
என்று ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன்.
எதைப் பார்த்துச் சிரித்தார்கள்?

ஸ்டோர் ஏட்டில் தேடினேன்.
மேஸ்திரிக்கு வேட்டி ஒன்று, கம்பெனி செலவில், ஒன்றேகால் ரூபாய்.
கை நடுங்கியது.
சூரமங்கலத்து வாடகை அறையில், மின்விசிறி ஓடாத அந்த இரவில்
முழுசாக ஒரு பக்கம் எழுதினேன்:
ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கிய காற்று, பாறை விளிம்பு,
கால் இடறிய மேஸ்திரி, முள்ளில் மாட்டிக்கொண்ட வேட்டி.
நன்றாகவே வந்திருந்தது.
காலையில் தேதியைப் பார்த்தேன்.
வேட்டி வாங்கியது பதினேழு.
அடித்துவிட்டேன்.

ஒன்பதாவது பெயரைச் சொல்லவில்லையே.
சு. அங்கமுத்து, குமாஸ்தா, ஓரணா, மேற்படி.
ஏடு முழுக்க எழுதியவர் அவர்தான்.
தன் பெயரைத் தானே எழுதி
தனக்கே ஓரணா போட்டிருக்கிறார்.
கையெழுத்தில் மாற்றமில்லை.
கடைசி எழுத்தின் சுழி மட்டும்
பக்கத்துக் கட்டம் வரை போய்விட்டது.
பிறகு தைலி, பெரியக்கா, செல்லாயி, நல்லம்மா, உண்ணாமலை.
அவருக்கு அப்புறமும் ஐந்து பேரால் அடக்க முடியவில்லை.

கருத்தரங்கில் கேட்டார்கள்,
இதை எதிர்ப்பு என்று வகைப்படுத்தலாமா?
செவ்வாய்க்கிழமை என்று வகைப்படுத்தியிருக்கிறேன் என்றேன்.
தேநீர் இடைவேளை விட்டார்கள்.

பதிப்பாசிரியர் இடம் போதவில்லை என்றார்.
பதினாலு பேர் எதற்கு,
பல பெண்கள், ஒரு குமாஸ்தா என்று முடியுங்கள்.
முடிக்கவில்லை.
இரண்டு குஞ்சாயியையும் தனித்தனி வரியில் வைத்தேன்,
அங்கமுத்து வைத்த மாதிரியே.

இன்னொன்று இருக்கிறது.
ஜூன் மாதத் தாள் ஒன்றின் உச்சியில், முதல் வரி:
குஞ்சாயி, ஓரணா. காரணம்: மேற்படி.
அதற்கு மேலே எதுவும் இல்லை,
சிவப்புக் கோடு, தாளின் விளிம்பு, அவ்வளவுதான்.
முந்தைய தாள் எலிக்குப் போயிற்று.
எந்தக் குஞ்சாயி என்பதும் இல்லை.
கூடை உடைத்திருக்கலாம்.
தாமதமாக வந்திருக்கலாம்.

அடிக்குறிப்பு நூற்றுப் பன்னிரண்டில்
'காரணம் தெரியவில்லை' என்று முறைப்படி எழுதினேன்.
அட்டவணையில் அந்த ஓரணாவை
சிரிப்பின் கீழ் கூட்டினேன்.
தெரிந்தே செய்த பிழை.

மொத்தம் பதினைந்தணா.
ரூபாய்க்கு
ஓரணா குறைகிறது.