பானை எனக்கு, கழுத்து அவனுக்கு

தீர்ப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது:
செம்புப் பானை நெவென்காவுக்கு.
மூடி, வளைந்த கழுத்து, சுருள்குழாய் யெர்கோவுக்கு.
நீதிபதி ஸ்ப்ளிட் நகரத்துக்காரர்.
வாலை வடிப்பதைப் பார்த்தே இராதவர்.

அதனால் ஜூலையில் ஒரு நாள்
ஹ்வார் தீவின் கல்மேட்டில்
தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கி வருபவனைப்போல
செம்புக் கழுத்தைத் தோளில் சாய்த்தபடி
ஏறி வருகிறான்
என் முன்னாள் கணவன்.

"அறுத்தாயிற்றா?"
"நேற்றே. ஒரு ராத்திரி வாடியிருக்கிறது."
பேச்சு அவ்வளவுதான்.

அடியில் தண்ணீர், மேலே சல்லடைத் தட்டு,
அதன்மேல் பன்னிரண்டு கிலோ லாவெண்டர்.
முழங்கை வரை விட்டு அமுக்குகிறேன்.
கட்டுக்குள்ளிருந்து ஒரு தேனீ
குடிகாரனைப்போலத் தள்ளாடி வருகிறது.
விரல் நுனியில் ஏற்றிச் சுவரில் விடுகிறான்.

மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் அடைக்க வேண்டும்.
இடப்பக்கமாக அவன், வலப்பக்கமாக நான்.
விரல்கள் முட்டிக்கொள்வதற்கு ஓர் அங்குலம் முன்னால்
இருவருமே நிறுத்திவிடுவோம்.
அந்த ஓட்டையை யாராவது பிறகு மூடுவார்கள்.

திராட்சைக் கொடி விறகு சட்டென்று பற்றும்.
தீயைக் குறை, கருகல் வாடை ஏறும்:
பத்தொன்பது வருஷம் இந்த ஒரு சண்டைதான்
வேறுவேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது.
இன்று அவன் வாயைத் திறக்கவில்லை.
நானே இரண்டு கட்டைகளை இழுத்துவிட்டேன்.

தொட்டியில் மழைநீர் முழங்கால் அளவுகூட இல்லை.
குழாயைக் குளிரவைக்க
மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்திருக்கிறான்.
பீப்பாய் முழுக்க மத்தி வாசனை.

முதலில் கலங்கலாக ஒரு சொட்டு.
இன்னொன்று.
பிறகு நூல் பிடித்தாற்போல.
குடுவையில் நீர் கீழே, தைலம் மேலே.
ஒரே குழாயில் வந்தவை, ஒட்டுவதில்லை.
இதைப் போய் உவமையாக்காதே என்று
என்னை நானே அதட்டிக்கொள்கிறேன்.

ஆட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சால்
மேலாக உறிஞ்சி அளந்தான்: தொண்ணூறு மில்லி.
ஒரு சின்னப் புட்டி நீட்டினேன்.
வேண்டாமாம்.
சூடு ஆறாத கழுத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
இறங்கிப் போனான்.

அக்டோபரில் பானை கேட்டு வருவான்.
சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்தே கொடுப்பேன்.
கழுத்தும் குழாயும் அவன் பொறுப்பு.
இருந்தும் வருஷாவருஷம்
துறைமுகத்துக் கடையில் அவனைக் கேலி செய்கிறார்கள்:
"யெர்கோ, இது சாராயமா, சோப்புத் தண்ணியா?"

வினிகர் ஊற்றி ஒருமுறை கொதிக்கவிட்டால்
அந்த வாசனை போய்விடும்.
கல்யாணமான வருஷமே
அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.