வரம்புக்கு ஒரு குடை

செகெட் நகரத்துக் கடையில்
காபி இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.
கடைப்பெண் ரசீதைக் கூட்டிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்.
வரி திரும்பக் கிடைக்கிற தொகைக்கு
இன்னும் கொஞ்சம் போதவில்லையாம்.
"சாக்ஸ்? மெழுகுவத்தி? குடை?"

வெளியே பொட்டு மேகமில்லை.
குடை என்றேன்.

மஞ்சள் குடை. வளைந்த மரப்பிடி.
விலையைப் பிறகுதான் பார்த்தேன்.

படிவத்தில் என் பெயரை
எழுத்தெழுத்தாகக் கேட்டு நிரப்பினாள்.
வுகிட்சா, நோவி சாத்.
எக்ஸ்ரே எடுப்பவள் என்பதை
அவள் கேட்காமலே சொன்னேன்.
பாஸ்போர்ட்டை நீட்டிய கைக்கு
இன்னும் எதையாவது நீட்டத் தோன்றிவிடுகிறது.

"உறையைப் பிரிக்காதீங்க.
எல்லையில முத்திரை விழுற வரைக்கும்
புதுசாவே இருக்கணும்.
பயன்படுத்தினா செல்லாது."

பேருந்து கிளம்பி அரைமணியில்
வானம் பொத்துக்கொண்டது.

எல்லையில் ஓட்டுநர் லுபிங்கோ
எஞ்சினை அணைக்காமல் கத்தினான்:
"முத்திரைக்காரங்க மட்டும் இறங்கலாம்.
பத்து நிமிஷம். பதினொண்ணு ஆனா
இங்கேயே குடித்தனம் பண்ணுங்க."

ஆறு பேர் இறங்கினோம்.
ராதொய்கா தன் புதுப் பாத்திரங்களில்
பெரியதைத் தலைக்குமேல் பிடிக்கப் போனாள்,
ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டாள்.
நான் கோட்டின் பொத்தானைக் கழற்றி
குடையை உள்ளே வைத்து
மறுபடி பூட்டினேன்,
நனையாமல் இருக்க.
குடை.

கூரையில்லாத வரிசை.
பெட்டியை அணைத்துக்கொண்டு
மழையை முகத்தில் வாங்கியபடி நின்றோம்.
பின்னாலிருந்த பேருந்து ஜன்னல்களில்
எங்களைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுங்க அதிகாரி.
சட்டைப் பட்டையில் சோங்கோர் என்றிருந்தது.
காபி இயந்திரத்தின் பெட்டியைத்
தட்டிப் பார்த்தார்,
முலாம்பழத்தைத் தட்டுவதைப் போல.
"குடை எங்கே?"

கோட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.
உறையில் ஒரு துளி இல்லை.
என் மூக்கிலிருந்து ஒழுகியது
அவர் மேசையில் விழுந்து
படிவத்தின் ஓர் எண்ணைக் கரைத்தது.
குடையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
மறுபடி குடையை.
சிரிக்கவில்லை.
பக்கத்து அறைக்கு அவர் மொழியில் ஏதோ சொன்னார்,
சிரிப்பு அங்கிருந்து வந்தது.

தக்.

அவர்களுக்குச் சேவைக் கட்டணம் போக,
நாணயம் மாற்றியதில் உதிர்ந்தது போக
எனக்கு வரப்போவது
குடையின் விலை, அதற்கு மேல் இரண்டு காபி.
நனைந்ததற்குக் கூலி என்று
வைத்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் நாட்டுச் சாவடி.
முந்நூறு அடி தூரம்தான்.
இந்தப் பக்கம் எடுத்துக் காட்டியதை
அந்தப் பக்கம் மறைக்க வேண்டும்.
இங்கே போனவள் வாங்கிய வரி,
அங்கே வந்தவள் கட்ட வேண்டிய வரி.
ஒரே பெட்டி, ஒரே பெண்.
நான் தினமும் மனிதர்களிடம்
"மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்கிறவள்.
காபி இயந்திரம் ராதொய்காவின் காலடியில்
போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டது.

வண்டிகள் நீளமாக நின்றுவிட்டன.
இரண்டு சாவடிக்கும் நடுவே,
எந்த நாட்டுச் சுவரொட்டியும் இல்லாத தாரில்
இறங்கினேன்.
உறையைக் கிழித்தேன்.
பொத்தானை அமுக்கியதும்
மஞ்சளாக விரிந்தது.
ராதொய்கா ஓடிவந்து
அதனடியில் சிகரெட் பற்றவைத்தாள்.
"வரி போட மாட்டானா இதுக்கு?"
"எவன்?" என்றேன்.

புகை குடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.
லுபிங்கோ ஹாரன் அடித்தான்.
நாங்கள் ஏறவில்லை.
வண்டியே எங்களோடு நகர்ந்தது,
மாட்டுவண்டி வேகத்தில்.

எங்கள் ஊர்க்காரர் டார்ச்சோடு ஏறினார்.
தூக்கம் வழியும் கண்கள், பிஸ்கட் துகள் ஒட்டிய மீசை.
"சாமான் ஏதாவது?"

"ஒரு குடை."

விளக்கை அதன்மேல் அடித்தார்.
துணியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது,
ஒரு கம்பி அதற்குள் வளைந்திருந்தது.

"பழசா?"

"நனைஞ்சதுதானே," என்றேன்.